அக்கா கண்ணு

சுத்திப் போடும்போது எல்லாரும் ஏதோ முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். அதில் யார் யார் கண்ணையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று யாராவது காது கொடுத்துக் கேட்பது உண்டா என்ன? ஹம்சாவும் அப்படி நினைத்துத்தான் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாள். கேட்பதற்கென்றே ஒரு ஆள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டாள். மறந்துதான் விட்டாளா, இல்லை அவள் காதிலும் விழட்டும் என்றே சொன்னாளா என்பதுதான் பிற்பாடு அவளைப் போட்டு அரித்தது.

மந்தைவெளியில் ஸ்டேஷனுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஹம்சாவின் புருஷன் ஸ்ரீவத்சன் காலையில் பறக்கும் ரயிலைப் பிடித்து வேளச்சேரி ஆபீசுக்குப் போனானென்றால் இருட்டிய பிறகுதான் படியேறுவான். பெரியவள் ஸஹானாவுக்கு நாலு வயசு, எல்.கே.ஜி. சின்னவன் பிரணவுக்கு நாலாவது மாசம் நடக்கிறது. வேலை செய்ய வருகிற அம்மாள் பாத்திரத்தோடு சரி. மற்றதெல்லாம் ஹம்சா தலையில்தான் விடிந்தது. அதற்காக அவள் செய்தது சரியாகிவிடுமா என்றால், ஆகாது.

தம்பி பிறந்ததிலிருந்து ஸஹானாவுக்கு ஒரே ஒரு லட்சியம். அவன் குப்புறக் கவிழ வேண்டும். ஸ்கூலிலிருந்து வந்ததும் வராததுமாக யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் பாயில் அவன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். "இங்க பாருடா. காலை இப்படித் தூக்கணும். இந்தப் பக்கம் போடணும். அப்பறம் தொபுக்!" என்று தானே உருண்டு காட்டுவாள். அவன் கையை வாயில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த முழிப்பான். "நீ கவுந்துண்டா அம்மா அப்பம் பண்ணுவா. உனக்குத்தான் பல்லே இல்லையே, உன்னோடதையும் நானே தின்னுடறேன்" என்று பேரம் பேசுவாள். கவிழ்ந்தால் அப்பம் வார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் கவிழ்ந்தபோதும் வார்த்தார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பிரணவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. காலையிலேயே எதிர்வீட்டு நஸ்ருன்னிசா ஆன்ட்டி வந்து, "ராஜா மாதிரி இருக்கான்டா" என்று கன்னத்தைத் தொட்டுத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டு போனார். மத்தியானம் ஹம்சா பால்கனியில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், ஸஹானா தூளியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கொட்டாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே அங்க?"

"சும்மா பாத்துண்டிருக்கேன். இவன் என்னைவிட அழகா இருக்கான்மா. ஆத்துக்கு வர்றவா எல்லாரும் இவனையேதான் பாக்கறா."

ஹம்சாவுக்குச் சுருக்கென்றது. குழந்தை உள்ளதைச் சொல்கிறது, வாரி மடியில் போட்டுக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்திருந்தால் தீர்ந்தது. அவளோ, "போதும் பாத்தது. அவன் முழிச்சுக்கப் போறான், போ அந்தப் பக்கம்" என்று விரட்டினாள்.

சாயங்காலம் ஆரம்பித்தான் பிள்ளையாண்டான். வீல் வீலென்று ஒரே அழுகை. ஊசி போட்ட தொடை கட்டியாய், கொதிக்கக் கொதிக்க இருந்தது. இரண்டு நாள் உடம்பு சுடும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஹம்சா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. தி. நகரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், இப்போது லீவில் இருக்கிறாள். சொட்டு மருந்து கொடுத்தாள். தோளில் போட்டுத் தட்டினாள். கூடத்துக்கும் உள்ளுக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனது. அழுகை நின்றபாடில்லை. முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காத எரிச்சல் வேறு. யார் மேலாவது பழியைப் போட்டால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

கல் உப்பும் கடுகும் மிளகாய் வற்றலுமாகக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையை மடியில் கிழக்குப் பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போது சுத்திப் போட்டாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போடுவாள். அந்த நினைப்பில் ஸஹானா ஓடி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ நகர்ந்துக்கோ. உனக்கு ஒண்ணும் இல்லை. இது பாப்பாவுக்கு."

ஸஹானா நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தெருக் கண்ணு, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எதிராத்துக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு..." என்று கையைச் சுற்றிக்கொண்டே வந்தாள் ஹம்சா. அவளுடைய அம்மா சுத்திப் போட்டால் பெத்தவள் கண்ணு என்றுதான் ஆரம்பிப்பாள். இவளுக்கு அது அன்றைக்கு வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா? "அக்கா கண்ணு." அதுவும் சும்மா வரவில்லை. ஓரக்கண்ணால் பெண்ணை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே, கொஞ்சம் அழுத்தமாகவே வந்தது.

பிறகு அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். மிளகாய் சடசடவென்று வெடித்தது, கருகியது, துளி நெடி வரவில்லை. நெடி வரவில்லையென்றால் நிறைய திருஷ்டி இருந்தது என்று அர்த்தம். "பாத்தியா, தும்மல்கூட வரலை. எவ்ளோ திருஷ்டி!" என்றாள், பின்னாலேயே வந்து நின்ற ஸஹானாவிடம். அடுப்புக்கு மேலே, புகையையும் நெடியையும் இழுத்துவிடுகிற சிம்னி மத்தியானத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது ஹம்சாவுக்குத் தெரியும். சற்று முன்னால் கொடுத்த சொட்டு மருந்து அந்த நேரத்துக்கு வேலை செய்து குழந்தை கண்ணயர்ந்ததும் அவளுக்குத் தெரியும். நாலு வயசுக்கு எது தெரியும்? நெடி வரவில்லை, பாப்பா தூங்கிவிட்டான், ஆக அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.

மறுநாளிலிருந்து ஸஹானா பாயில் போய்ப் படுக்கவில்லை.

ஹம்சா முதலில் கவனிக்கவில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்றுகூட நினைத்தாள். ஸஹானா ஸ்கூலிலிருந்து வந்தால் நேரே உள்ளே போய்ப் பொம்மையோடு உட்கார்ந்துகொண்டாள். கூடத்தைத் தாண்ட வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். ஒருநாள் "பாப்பாவோட டயப்பரை எடுத்துண்டு வாடி" என்றதற்கு எடுத்துக்கொண்டு வந்தாள், எப்படி? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையைத் துழாவிக்கொண்டு. கட்டில் காலில் முட்டி நன்றாக இடித்துக்கொண்டது.

"கண்ணை எங்கடி வெச்சுண்டு நடக்கறே!" என்று கத்தினாள் ஹம்சா.

ஸஹானா அழவில்லை. டயப்பரைக் கீழே வைத்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனாள். கண்ணை அப்போதும் திறக்கவில்லை. ஹம்சா அவள் போவதையே பார்த்தாள். ஒருவேளை அன்றைக்குச் சொன்ன வார்த்தையாக இருக்குமோ? சீ, அதெல்லாம் இருக்காது, குழந்தைதானே, எப்போதோ மறந்திருக்கும். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே! அதனால் கேட்கவில்லை. அடுப்பில் சாதம் குழைகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஸ்ரீவத்சனும் பார்த்தான். "பொறாமைதான் ஹம்சா. ரெண்டாவது பொறந்தா எல்லாக் குழந்தைகளுக்கும் வருமாம். வீடியோல ஒரு டாக்டர் சொன்னார். தானா சரியாயிடும்" என்றான்.

"இருக்கும், இருக்கும்" என்று சட்டென்று பிடித்துக்கொண்டாள் ஹம்சா. பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால் தன் மேல் தப்பில்லை பாருங்கள். சொல்லிவிட்டு அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை அவனிடம் சொல்லவும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீவத்சன் பேப்பரும் கையுமாகப் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பிரணவ் காலைத் தூக்கினான். இந்தப் பக்கம் போட்டான். அப்பறம் தொபுக். ஸஹானா சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு சின்ன மாற்றமில்லாமல், குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கிக்கொண்டு பார்த்தான்.

"ஹம்சா! ஓடி வா! கவுந்துண்டுட்டான்! ஸஹானா, சீக்கிரம், பாப்பா கவுந்துண்டுட்டான்!"

ஹம்சா கரண்டியோடு ஓடி வந்தாள். ஸ்ரீவத்சன் போனைத் தேடி எடுத்து வீடியோ பிடித்தான். இரண்டு பேரும் கையைத் தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரே ஆர்ப்பாட்டம். ஸஹானாவும் ஓடித்தான் வந்தாள். வாசல் நிலை வரைக்கும் வந்தவள் அங்கேயே பிரேக் போட்டு நின்றாள். ஜன்னல் பக்கம் ஓடி, திரைச்சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நிஜமா கவுந்துண்டானா? எப்படி? எந்தப் பக்கம்?" என்று திரைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"வந்து பாரேன்டி!"

"மாட்டேன். நீ சொல்லு."

ஹம்சாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! பயம்தான் கோபமாக வந்தது என்பதை அப்போது அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள். போய்ப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஒரு தடவை பாத்தா கொறைஞ்சா போயிடுவே? தம்பி மேல அப்படி என்னடி பொறாமை உனக்கு? இத்தனூண்டு இருந்துண்டு எவ்ளோ கல்மனசு!"

ஸஹானா கண்ணைத் திறக்கவேயில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் மட்டும் வழிந்தது.

அப்பம் வார்த்தார்கள். வாழைப்பழம் பிசைந்து, வெல்லம் போட்டு, நெய்யில். ஸஹானா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மூலையில் சுவரைப் பார்க்க உட்கார்ந்து ஒன்றே ஒன்று தின்றாள். தம்பியின் பங்கைக் கேட்கவில்லை. ஹம்சா அடுப்படியிலிருந்து அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த அப்பம் கருகிப்போயிற்று.

சேதி கேட்டு மாலை நாலு மணி வாக்கில் நஸ்ருன்னிசா ஆன்ட்டி வந்தார். வெயிலுக்கு இதமாக மல்துணியில் தன் கையாலேயே ஒரு குட்டிச் சட்டை தைத்து எடுத்து வந்திருந்தார். "எங்கே என் ராஜா? கவுந்துட்டாராமே!" என்று செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்ததுதான் தாமதம், ஸஹானா குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ ஆன்ட்டி, பாக்காதீங்கோ! கண்ணை மூடிக்கோங்கோ!"

"ஏண்டா தங்கம்? என்ன விளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லை. உங்க கண்ணும் அதுல இருக்கு. எதிராத்துக் கண்ணு. அம்மா சொன்னாளே. அக்கா கண்ணும் இருக்கு. அது நான்தான். நாம ரெண்டு பேரும் பாத்தா பாப்பாக்குக் காய்ச்சல் வரும். நான் பாக்கறதே இல்லை, தெரியுமா? இன்னிக்கு அவன் கவுந்துண்டப்போகூடப் பாக்கலை."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாக வேறு சொன்னாள், பாவி மகள்!

ஹம்சாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நஸ்ருன்னிசா சட்டையை டீப்பாய் மேல் வைத்தார். "எங்க வீட்லயும் திருஷ்டிக்கு நஜர் எடுப்போம்மா. எல்லார் பேரையும்தான் இழுப்போம்" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, பாய் பக்கம் திரும்பவேயில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, ஸஹானாவின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்திய பிறகு ஸ்ரீவத்சன் கேட்டான். "அக்கா கண்ணுன்னு நீயா சொன்னே?"

"வரிசையா சொல்லிண்டு வரச்சே..." என்று ஆரம்பித்தாள் ஹம்சா. அவன் அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பொய்யை முடிக்க முடியவில்லை. "ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன். அவ பாத்ததாலதான் அழறான்னு அன்னிக்கு நிஜமாவே தோணித்து வத்சா. ஊசி போட்ட எடம் வீங்கியிருக்குன்னு தெரிஞ்சும் தோணித்து."

"அவளுக்கு நாலு வயசு ஹம்சா" என்றான். திட்டியிருந்தாலாவது திருப்பி நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஹம்சா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கல்மனசு என்று சொன்னோமே, பொறாமை என்று சொன்னோமே, அந்தக் குழந்தை தம்பிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு முட்டியை இடித்துக்கொண்டு நடந்திருக்கிறதே! மனசு ஆறவில்லை. அன்றைக்கே, டயப்பர் எடுத்து வந்த அன்றைக்கே கேட்டிருந்தால், இன்றைக்குக் காலையில் முதல் ஆளாய்க் கைதட்டியிருப்பாளே. எதிர்வீட்டுக் கதவை நாளைக்குப் போய்த் தட்டத்தான் வேண்டும். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு தட்டுவது என்பது நாளைய கவலை. இன்றைக்குச் செய்ய வேண்டியது இங்கேயே இருக்கிறது.

விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டாள். "ஸஹானா, இங்க வந்து உக்காரு. சுத்திப் போடறேன்."

"பாப்பாக்கா?"

"உனக்கு. உனக்கு மட்டும்."

ஸஹானாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வந்து கிழக்குப் பார்க்க உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹம்சா உப்பையும் மிளகாயையும் எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றினாள். தெருவையும் இழுக்கவில்லை, ஊரையும் இழுக்கவில்லை.

"அம்மா கண்ணு" என்றாள். மறுபடியும் சுற்றி, "அம்மா கண்ணு" என்றாள். மூன்றாவது தரமும் சுற்றினாள். "அம்மா கண்ணு மட்டும்."

"மத்தவா கண்ணெல்லாம்?"

"வேற யார் கண்ணும் உன் மேல படலை. என்னோடதுதான் பட்டுடுத்து. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

ஸஹானா எழுந்து பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். ஹம்சா அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு வினாடி யோசித்தாள். பிறகு கையை நீட்டிச் சிம்னியைப் போட்டுவிட்டு, உப்பையும் மிளகாயையும் தீயில் கொட்டினாள். வெடித்தது, கருகியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெடி வரவில்லை. சிம்னியைப் போடாமலிருந்தாலும் வந்திருக்காது என்றுதான் ஹம்சாவுக்குத் தோன்றியது.

"அம்மாடி!" என்றாள் ஸஹானா, கண்ணை அகல விரித்து. "தும்மலே வரலை. அவ்ளோ திருஷ்டியா உன்னோடது?"

"ஆமாண்டி கண்ணா. அவ்ளோ."

"இப்போ போயிடுத்தா?"

"போயிடுத்து. சுத்திப் போட்டா போயிடும்."

ஸஹானா அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. ஹம்சா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்து என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஓடி ஒளியவும் இடமில்லை.

"அப்போ என்னோட கண்ணும் அன்னிக்கே போயிடுத்தா?"

"ம்."

"நான் பாத்திருக்கலாமா? அவன் கவுந்துண்டப்போ பாத்திருக்கலாமாம்மா?"

பாத்திருக்கலாம் என்று ஹம்சா தலையை ஆட்டினாள். ஸஹானா அழுவாள், அடிப்பாள், ஏன் சொல்லவில்லை என்று கத்துவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதுவும் நடக்கவில்லை. ஸஹானா திரும்பிக் கூடத்துக்கு ஓடினாள். பாயில் தம்பிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்து, மூக்கோடு மூக்கு வைக்காத குறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவனும் இத்தனை நாள் காணாமல் போயிருந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான், காலை உதைத்தான், கவிழ மட்டும் மாட்டேனென்றான்.

"பிரணவ், இன்னொரு வாட்டி கவுந்துக்கோடா" என்று கெஞ்சினாள் ஸஹானா. "மொதல் தடவையா கவுந்துக்கற மாதிரி. நான் அப்போ பாக்கலை."